குப்பாயி தொடாமல் விட்ட நிரை

உங்கள் வீட்டில் குடிக்கிற ஒருவருக்காக நீங்கள் இதுவரை எத்தனை பொய் சொல்லியிருக்கிறீர்கள்? ஆபீசுக்குப் போன் போட்டுக் காய்ச்சல் என்றது, கல்யாண வீட்டில் வெளியூர் போயிருக்கிறார் என்றது, பிள்ளையிடம் அப்பாவுக்கு அசதி, தூங்குகிறார் என்றது, எல்லாம் இதில் சேர்த்தி. ஒன்றுகூட இல்லை என்றால் உங்களுக்கு ஒரு கும்பிடு. இருக்கிறது என்றால் குப்பாயியைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். அவள் வாயால் பொய் சொல்லத் தெரியாதவள். கையால் சொன்னாள்.

குப்பாயி ஏற்காட்டு மலையில் ஒரு காப்பி எஸ்டேட்டின் கூலிக்காரி. மாமனார் காலத்திலேயே தர்மபுரிப் பக்கத்து வறண்ட சீமையை விட்டு மலையேறிய குடும்பம். புருஷன், காப்பிச் செடிக்கு மேலே நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் ஏறி, செடிக்கு அளவான வெயில் விழும்படி கிளை கழிக்கிறவன். ஒரு நாள் கிளையோடு சேர்ந்து கீழே வந்துவிட்டான். எஸ்டேட் சவத்தை எடுத்துப் போக லாரி கொடுத்தது, ஒரு நாள் லீவு கொடுத்தது. அதோடு கணக்குத் தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டது. குப்பாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுநாள் மண்வெட்டி எடுத்தாள். ஒரே மகன் மாதப்பனைத் தோளுக்கு மேல் வளர்த்தாள். அவனும் அப்பனைப் போல மரம் ஏறினான். காவேரி என்ற பெண்ணைக் கட்டி வைத்தாள். அவளும் எஸ்டேட் கூலிக்கு வந்தாள். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது, சாராயக் கடை வரும்வரை.

எண்பதுகளின் தொடக்கம் அது. அரசாங்கமே கடைகளை ஏலம் விட்ட காலம். எஸ்டேட்டில் சம்பளம் சனிக்கிழமை. கடை, எஸ்டேட் பாதை பெரிய ரோட்டைத் தொடும் இடத்தில். சம்பளம் வாங்கியவன் வீட்டுக்குச் சாமான் வாங்கப் போனால் அந்த வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். இந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் யாரும் தள்ளாடவில்லை, நிதானமாக உட்கார்ந்து யோசித்துத்தான் செய்தார்கள். ஆனால் தள்ளாடினவனைத்தான் ஊர் சிரித்தது.

மாதப்பன் முதலில் சனிக்கிழமை மட்டும் குடித்தான். பிறகு ஞாயிறு. பிறகு கிழமை பார்ப்பதை விட்டுவிட்டான்.

குப்பாயி அவனை மலை இறக்கி ஒரு கோயிலுக்குக் கூட்டிப்போய்க் கையில் கயிறு கட்டினாள். மீறிக் குடித்தால் கைகால் விளங்காது என்றார் பூசாரி. மாதப்பன் கடை வாசலில் கயிற்றைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனான். வெளியே வந்ததும் மறுபடி மாட்டிக்கொண்டான். கைகால் விளங்கத்தான் இல்லை. ஆனால் விடிந்ததும் சரியாகிவிட்டது.

காவேரி வேறு வழி பார்த்தாள். சேலம் பஸ் ஸ்டாண்டில் ஒருவன் கூவிக் கூவிப் பொட்டலம் விற்றான். குடிக்கிறவருக்குத் தெரியாமலே சோற்றில் கலந்துவிடலாம் என்றான். வாங்கி வந்து பருப்பில் கலந்தாள். ஒரு வாய் வைத்த மாதப்பன் தட்டைத் தள்ளிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான். அன்றிலிருந்து வீட்டில் சாப்பிடுவதையே நிறுத்தினான். வெறும் வயிற்றில் சாராயம் இறங்கியது.

"என்ற மவனுக்கு மருந்து வெச்சுட்டா" என்று குப்பாயி, எஸ்டேட் கொடுத்த லைன் வீடுகள் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். "இவ ஒழுங்கா வெச்சிருந்தா அவன் எதுக்குக் கடைக்குப் போறான்?"

"பெத்து வளத்தது நீங்கதானுங்களே அத்தை. அதை ஏன் எங்கிட்டக் கேக்குறீங்க?" என்றாள் காவேரி.

ஒரே ஆளைக் காப்பாற்றத்தான் இருவரும் தவித்தார்கள். ஆனால் ஒருத்தி செய்வது ஒருத்திக்குத் தெரியாது. தெரிந்தபோதெல்லாம் சண்டை.

இதற்கிடையில் குப்பாயி இன்னொரு வேலையும் செய்துவந்தாள். பழம் பறிக்கும் காலத்தில் ஆளுக்கு ஒரு நிரை ஒதுக்குவார்கள். செடி வரிசைக்கு அங்கே நிரை என்று பேர். அவரவர் நிரையில் அவரவர் பறித்து, சாயங்காலம் அவரவர் சாக்கை எடை போட வேண்டும். குப்பாயி, வேலை பிரித்துக் கொடுக்கும் மேஸ்திரியிடம் கெஞ்சி மகன் நிரையைத் தன் நிரைக்குப் பக்கத்தில் வாங்கிக்கொள்வாள். மாதப்பன் காலையில் பேர் கொடுப்பான், கொஞ்ச நேரம் செடியோடு நிற்பான், பிறகு எங்காவது மரத்தடியில் சாய்ந்துவிடுவான். குப்பாயியின் வலக்கை தன் செடியில், இடக்கை மகன் செடியில். எறும்பு கடிக்கும், பனியில் விரல் மரத்துப்போகும், கை நிற்காது. சாயங்காலம் மாதப்பன் எழுந்து வரும்போது அவன் சாக்கு நிறைந்திருக்கும். தூக்கிக்கொண்டு எடைக்குப் போவான்.

எல்லோருக்கும் தெரியும். கூலிக் கணக்கு எழுதும் ரைட்டர் ஞானசுந்தரத்துக்கும் தெரியும். எஸ்டேட்டுக்குப் பழம் வந்தது, கடைக்குக் கூலி போனது, குப்பாயிக்குத் தோள்வலி மிஞ்சியது. யாருக்கும் நஷ்டமில்லாத விஷயத்தை யார் கேட்பார்கள்?

அந்த வருஷம் பறிப்பு தொடங்கின புதிதில் ஒரு காலை மாதப்பன் நிரையிலேயே ரத்தமாக வாந்தி எடுத்தான்.

எஸ்டேட் டிஸ்பென்சரியில் நர்ஸ் மரியசெல்வி அவன் கண்ணை இழுத்துப் பார்த்தாள், வயிற்றை அமுக்கிப் பார்த்தாள். சேலத்தில் தனக்குப் பழக்கமான ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லாரிக்குச் சொன்னாள். "இவரை மட்டும் அனுப்பி ஆகாதுங்க குப்பாயம்மா. நீங்களும் காவேரியும் கூட வரணும். அங்க குடிநோய்க்குச் சேர்க்கணும்னா ஊட்டாளுங்களும் வந்து உக்காரணும்."

"நோவு அவனுக்குங்க சிஸ்டர். எனக்கெதுக்கு மருந்து?"

"மருந்து குடுக்க மாட்டாங்க. பேசுவாங்க."

"பேசறதுக்கு மலையெறங்கணுமாங்க? அதைத்தான் தெனமும் ஊட்டுல பண்றோமே."

மரியசெல்வி சிரித்துவிட்டாள். "அது கத்தறதுங்க."

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. ஈரல் பாதி கெட்டிருக்கிறது, மீண்டும் பழையபடி குடித்தால் அடுத்த பறிப்பை இவர் பார்க்க மாட்டார் என்று மூன்று பேரையும் உட்கார வைத்துச் சொன்னார். குப்பாயிக்குச் சில்வர் ஓக் கிளை முறியும் சத்தம் காதில் கேட்டது. புருஷனை அந்தச் சத்தத்தோடு பறிகொடுத்தவள் அவள்.

உடம்பு நடுக்கம் அடங்கி மாதப்பன் எழுந்து உட்கார்ந்த பிறகு, வாரம் ஒரு முறை குடும்பத்தோடு பேச்சு. முதல் நாளே டாக்டரம்மா ஒரு கட்டளை போட்டார்: தப்பு யார் மேல் என்று இந்த அறையில் யாரும் சொல்லக் கூடாது. அவரவர் செய்ததை மட்டும் சொல்ல வேண்டும்.

மாதப்பன்தான் முதலில் பேசினான். தலையைக் குனிந்துகொண்டே சொன்னான். "குடிச்சேனுங்க. இல்லீங்கல. ஆனா வேலைக்கு ஒரு நாள் மட்டம் போட்டவனில்லீங்க நானு. என்ற சாக்கு ஒரு சாயங்காலம் கொறஞ்சதில்லீங்க. ரைட்டரையே கேட்டுப் பாருங்க."

காவேரி மாமியாரைப் பார்த்தாள். மாமியார் சுவரைப் பார்த்தாள்.

அந்த நிமிஷம்தான் குப்பாயிக்கு விளங்கியது. மகன் பொய் சொல்லவில்லை. நிஜமாகவே நம்புகிறான். அரைப் போதையில் எழுந்து வந்து நிறைந்த சாக்கைப் பார்த்தவன், தான் பறித்தது என்றே இத்தனை காலமும் நினைத்திருக்கிறான். குடித்தாலும் நான் உழைப்பாளி என்ற அந்த ஒரு நினைப்பு அவனை நிம்மதியாகக் குடிக்க வைத்திருக்கிறது. அந்த நினைப்பை இரண்டு கையாலும் நிரப்பிக் கொடுத்தவள் அவள்.

"சொல்லுங்க அத்தை" என்றாள் காவேரி, மெதுவாக. குத்தலே இல்லாமல் அவள் மாமியாரிடம் பேசி வெகு காலம் ஆகியிருந்தது.

குப்பாயி சொன்னாள். நிரையைக் கேட்டு வாங்கியது, இடக்கையால் பறித்தது, சாக்கைக் கட்டி வைத்துவிட்டு அவனை எழுப்பிவிட்டது. போன பறிப்பு, அதற்கு முந்தின பறிப்பு எல்லாம்.

மாதப்பன் தன் இரண்டு கையையும் விரித்து வைத்துக்கொண்டு பார்த்தான். "அப்ப நான் பறிச்சதுன்னு ஒண்ணுமே இல்லீங்களாம்மா?"

பிறகு காவேரி தன் பங்கைச் சொன்னாள். பொட்டலம் வாங்கியது, அவனிடம் மறைத்தது, அவன் சாப்பிடாமல் போனபோது கிடந்து சாகட்டும் என்று ஒரு ராத்திரி நினைத்தது. சொல்லும்போது அழுதாள். குப்பாயி தன் முந்தானையை எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.

"இனிமே அந்த நெரையை நீங்க தொடக் கூடாதும்மா" என்றார் டாக்டரம்மா. "அவர் திரும்ப விழலாம். நிறையப் பேர் விழறாங்க, அது இந்த நோயோட சுபாவம். விழுந்தா சோறு போடுங்க, கைபிடிச்சு இங்க கூட்டிட்டு வாங்க. ஆனா மறைக்காதீங்க."

சொல்வது எளிது. மகன் விழுந்து கிடக்கும்போது பறிக்காமல் நிற்கிற கை எந்தத் தாய்க்கு இருக்கிறது? வேலை போனால் லைன் வீடும் போகும். எஸ்டேட் சட்டம் அது. கூலி நின்றால் கூரையும் இல்லை.

மார்கழித் தொடக்கத்தில் மலைக்குத் திரும்பினார்கள். மாதப்பன் வேலைக்குப் போனான். காவேரி வைத்த சோற்றை உட்கார்ந்து சாப்பிட்டான். அவள் முதல் வாய் தானே தின்று காட்டுவாள், அவன் வெட்கப்பட்டுச் சிரிப்பான். அப்படி நல்லபடியாகப் பொழுது போய்க்கொண்டிருந்தபோது பொங்கலுக்கு முந்தின சம்பள சனிக்கிழமை வந்தது. அவன் ரோட்டுக்குப் போனான். திரும்பியபோது இரண்டு பேர் தூக்கி வந்தார்கள்.

திங்கட்கிழமை காலை நிரைக்கு அவன் வரவில்லை. குப்பாயி ஒரு பக்கம், காவேரி ஒரு பக்கம், நடுவில் மாதப்பனின் நிரை. செடி தாங்காமல் பழம் சிவந்து தொங்கியது.

"ஏனுங்க குப்பாயக்கா, உம்பட மவன் நெரையைக் குருவிக்குக் குத்தகைக்கு உட்டுட்டீங்களா?" என்றாள் மேல் நிரையில் நின்ற முத்தாயி.

"சேலத்துல போயி நொம்பப் பாடம் படிச்சுட்டு வந்திருக்காங்களாமா. பெத்த புள்ளைக்குப் பழம் பறிக்கக் கூடாதுன்னு அங்க சொல்லிக் குடுத்தாங்களாமா" என்றாள் இன்னொருத்தி. சிரிப்பு நிரை நிரையாக இறங்கிப் போனது.

குப்பாயியின் இடக்கை தானாக எழுந்தது. பழக்கப்பட்ட கை. கிளையைப் பிடித்தேவிட்டது.

"அத்தை" என்றாள் காவேரி. அவள் கண்ணிலும் அதே பயம்தான் இருந்தது.

குப்பாயி கிளையை விட்டாள்.

முற்பகலில் ரைட்டர் ஞானசுந்தரம் வந்தார். அவருக்குக் குப்பாயியின் மகன் வயதுதான் இருக்கும். ஆனாலும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார். "என்ன குப்பாயி, இந்த நெரையை அப்படியே உட்டிருக்க? மாதப்பனுக்குக் காச்சலா?"

பதிலை அவரே எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும்.

"காச்சல் இல்லீங்க" என்றாள் குப்பாயி. "குடிச்சுப்போட்டுப் படுத்திருக்கானுங்க. இத்தன வருசமா அவன் சாக்குல இருந்ததும் நான் பறிச்சதுதானுங்க. அது உங்களுக்கும் தெரியும். இனிமே பறிக்க மாட்டனுங்க."

ரைட்டர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். "அப்படின்னா பேரை எடுக்க வேண்டியதுதான். ஊட்டையும் காலி பண்ணணும், தெரியுமில்ல?"

"தெரியுமுங்க."

மத்தியானம் மரியசெல்விக்கு விஷயம் எட்டியது. டிஸ்பென்சரியைச் சாத்திவிட்டு நேரே ரைட்டர் ஆபீசுக்கு வந்தாள். குப்பாயியும் காவேரியும் வாசலில் நின்றார்கள்.

"மலேரியா வந்தா லீவு தர்றீங்க சார். பாம்பு கடிச்சா லீவு தர்றீங்க. இது டாக்டர் எழுதிக் குடுத்த நோய். இதுக்கு ஏன் ஊட்டைப் புடுங்கறீங்க?"

"அவனா குடிச்சான் சிஸ்டர். பாம்பு தானா வந்து கடிக்குது."

"கடையும் தானா வந்ததுதான் சார். சம்பளம் குடுக்குற எடத்துக்குப் பக்கமாப் பாத்து வந்திருக்குது."

ஞானசுந்தரம் கெட்டவர் அல்ல. மேலே இருப்பவர்களுக்குப் பயந்தவர், அவ்வளவுதான். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வாசலில் நின்ற இருவரையும் பார்த்தார். "இவங்க காச்சல்னு சொல்லியிருந்தா எனக்கு இந்தத் தலைவலியே இல்ல" என்று முனகினார். பிறகு நோய் லீவு என்று எழுதினார். "ஆனா நெரையை நொம்ப நாளு சும்மா வெச்சிருக்க முடியாது. பழம் உதுந்துபோச்சுன்னா தொரை என்னைத்தான் கேப்பாரு."

வீட்டில் மாதப்பன் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தான். கொஞ்சூண்டு வாங்கித் தா, நடுக்கம் நிற்கட்டும் என்று அம்மாவிடம் கேட்டான். முன்பெல்லாம் அவள் வாங்கிக் கொடுத்ததும் உண்டு. இப்போது சிஸ்டரைக் கூட்டி வந்தாள். மரியசெல்வி மருந்து கொடுத்துப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டாள். மாமியார் கஞ்சி காய்ச்ச, மருமகள் அவனைத் தாங்கிப் பிடித்து ஊட்டினாள். யாரும் திட்டவில்லை. திட்டினால் தேவலை என்று அவன் நினைத்ததாகப் பின்னால் சொல்லியிருக்கிறான்.

நடுக்கம் நின்ற பிறகு ஒரு நாள் வெளியே வந்து வாசலில் நின்றான். எதிர்ச் சரிவு முழுக்கப் பறித்து முடித்த பச்சை. அதன் நடுவே மேலிருந்து கீழாக ஒரே ஒரு சிவப்புக் கோடு. அடியில் பழம் உதிர்ந்து கறுத்துக் கிடந்தது. யாருடைய நிரை என்று யாரும் அவனுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"ஏம்மா அதை அப்படியே உட்டுட்டீங்க?"

"அது உன்னுது சாமி. நான் எப்படித் தொடறது?"

அவன் உள்ளே திரும்பினான். பிறகு சாக்கை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டான்.

அன்று அவன் பறித்ததைப் பார்க்கக் குப்பாயிக்குப் பொறுக்கவில்லை. விரல் நடுங்கிப் பழம் நழுவி விழுந்தது, குனிந்து பொறுக்கினான், மூச்சு வாங்கி உட்கார்ந்தான், எழுந்தான். தாயும் பெண்டாட்டியும் இரண்டு பக்கமும் தங்கள் நிரையில் பின்னால் பழுத்ததைப் பறித்துக்கொண்டே அவன் வேகத்துக்குத் தங்கள் வேகத்தைக் குறைத்துக்கொண்டார்கள். கை கொடுக்கவில்லை. ஆனால் ஒரு செடி தூரம்கூட அவனை முந்திப் போகவில்லை.

சாயங்காலம் எடைத் தராசில் அவன் சாக்கு பரிதாபமாக ஆடியது. "என்ன மாதப்பா, காப்பிப் பழமா, கோழித் தீவனமா?" என்றான் மேஸ்திரி.

"கொறச்சல்தானுங்க மேஸ்திரி" என்றான் மாதப்பன். "ஆனா இது என்ற கை பறிச்சதுங்க."

குப்பாயி திரும்பிப் பார்க்காமல் காவேரியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பாதித் தூரம் வந்ததும், "அன்னிக்கு நீ மட்டும் அத்தைன்னு கூப்புடலீன்னா நான் பறிச்சிருப்பேன் கண்ணு" என்றாள். மருமகளை அவள் கண்ணு என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

மாதப்பன் அதோடு திருந்திவிட்டான் என்று எழுதி முடித்தால் அது கதை. மனிதன் அப்படியில்லை. இன்னொரு முறை விழுந்தான். அப்போது தானே மரியசெல்வியிடம் நடந்துபோய்ச் சொன்னான். பிறகு விழவில்லை. ரோட்டுக் கடையை எண்பத்தேழில் மூடினார்கள். குடிக்க நினைத்தவர்கள் காட்டுக்குள் காய்ச்சுகிறவனைக் கண்டுபிடித்தார்கள். கடை இருந்தபோதே குடிக்காதிருக்கப் பழகியவனுக்கு அது ஒரு சேதியாகவே படவில்லை.

தொண்ணூறுகளில் அந்த டிஸ்பென்சரி வராண்டாவில் ஞாயிறு மத்தியானம் பார்த்தால் ஒரு கூட்டம் உட்கார்ந்திருக்கும். சர்ச் முடிந்து வெள்ளைச் சேலையோடு வருகிறவர்கள், கரடியூரிலிருந்து நடந்து வருகிறவர்கள், மாரமங்கலம் பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்கள். குடித்தவர்களும் இருப்பார்கள், அவர்களைப் பெற்றவர்களும் கட்டியவர்களும் கூடவே இருப்பார்கள். தனியாக வந்தவனிடம் குப்பாயி கேட்பாள்: "ஊட்டாளுங்க எங்க? போயிக் கூட்டிட்டு வா." நிரையைப் பார்த்துச் சிரித்த முத்தாயிதான் அந்த வராண்டாவில் முதலில் வந்து உட்கார்ந்தவள். அவள் புருஷனுக்காக. குப்பாயி பழைய சிரிப்பை ஞாபகப்படுத்தவே இல்லை. நகர்ந்து இடம் விட்டாள்.

தெய்வம்தான் உங்கள் மகனைக் காப்பாற்றிக் கொடுத்தது என்று யாராவது சொன்னால் அவள் சண்டைக்குப் போக மாட்டாள். விரலை மடக்கிச் சொல்வாள்: "என்ற மருமவ ஒண்ணு. சிஸ்டரம்மா ஒண்ணு. அந்த டாக்டரம்மா ஒண்ணு. லீவு எழுதுன ரைட்டரையும் சேத்துக்கோணும், பயந்துட்டேதான் எழுதுனாரு, ஆனா எழுதுனாருல்ல. இவியளுக்கெல்லாம் கும்புட்டு முடிக்கவே எனக்குப் பொழுது பத்தலீங்க."

மாதப்பன் அப்போதும் சில்வர் ஓக் ஏறுவான். அவன் கத்தி மேலே வெட்டும் நேரத்தில் மட்டும் குப்பாயி வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். எல்லாப் பயத்தையும் விட்டுவிட வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லவில்லையே என்பாள்.

உங்கள் வீட்டுக்கு வருவோம். நாளைக் காலை அவருக்காக ஒரு போன் போட வேண்டியிருக்கும், ஒரு காய்ச்சல் சொல்ல வேண்டியிருக்கும். அதைச் சொல்லாதீர்கள். அவருக்குத் தெரியாமல் எதையும் சோற்றில் கலக்காதீர்கள். பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரியில் இதற்கு வைத்தியம் இருக்கிறது என்று இன்றே விசாரியுங்கள். அவரைத் தனியாக அனுப்பாதீர்கள். வேலைக்கு லீவு போட்டு, சண்டை போட்டுக்கொண்டிருக்கும் இன்னொருவரையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, கூடப் போய் அந்தப் பெஞ்சில் உட்காருங்கள்.